கெர்னல் உறைந்துவிட்டதை வாட்ச்டாக் செயலி எப்படிக் கண்டறிகிறது?

வாட்ச்டாக் செயலி என்பது, முதன்மைச் செயலியான சிபியுவைச் சாராமல் தனித்து இயங்கியபடி, இயங்குதளத்தின் மையமான கெர்னல் இன்னும் செயல்படுகிறதா என்று கண்காணிக்கும் சிறிய துணைச் செயலி ஆகும். சர்வர்களின் மதர்போர்டில் உள்ள பிஎம்சி என்னும் மேலாண்மைச் சில்லு இப்பணியைச் செய்கிறது.

இதற்கு ஏன் தனிச் செயலி? லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே ஒரு கண்காணிப்பு உண்டு. ஒரு சிபியு இயல்பான அமைப்பில் சுமார் 20 விநாடிகள் பிற பணிகளுக்கு வழிவிடாவிட்டால் அது எச்சரிக்கை எழுதும். ஆனால் அந்த எச்சரிக்கையை எழுத வேண்டியதும் அதே கெர்னல்தான். அது முற்றிலும் உறைந்துவிட்டால், உறைந்ததைச் சொல்லவும் ஆளில்லை.

இரவுக் காவலர் மணிக்கொரு முறை மணி அடிப்பதை எண்ணிப் பாருங்கள். மணியோசை கேட்காதபோதுதான் ஊரார் எழுந்து சென்று பார்ப்பார்கள். அதுபோலவே இயங்குதளம் குறித்த இடைவெளியில் சமிக்ஞை அனுப்ப, துணைச் செயலியில் கீழ்நோக்கி எண்ணிக்கொண்டே வரும் எண்ணி (கவுண்ட்டர்) ஒவ்வொரு முறையும் தொடக்கத்துக்குத் திரும்புகிறது. சமிக்ஞை நின்று எண்ணி பூஜ்ஜியத்தை அடைந்தால், கணினி வலுக்கட்டாயமாக மறுதொடக்கம் செய்யப்படுகிறது.

சமிக்ஞையை எங்கிருந்து அனுப்புகிறோம் என்பது மிக முக்கியம் என்று கருதுகிறேன். டைமர் இன்டரப்ட்டிலிருந்து, அதாவது குறித்த இடைவெளியில் சிபியுவின் வேலையை இடைமறிக்கும் வன்பொருள் குறுக்கீட்டிலிருந்து, நேரடியாக அனுப்பினால், பணிகள் அனைத்தும் தேங்கி நிற்கும்போதும் சமிக்ஞை தொடரக்கூடும். ஆகவே, பிற நிரல்களைப் போலவே தன் முறைக்குக் காத்திருந்து இயங்கும் ஒரு சாதாரண நிரல் அதை அனுப்புவதே நம்பகமானது.

வாட்ச்டாக் பழுதைச் சரிசெய்துவிடுகிறது என்று பலர் கருதுகின்றனர். அது கணினியை மீண்டும் எழுப்புகிறதே தவிர, உறைவுக்குக் காரணமான பிழை அப்படியே இருக்கிறது.