புயல் நாளில் உங்கள் மொட்டை மாடி சோலார் ஓடுமா?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் 24 வீடுகள் கொண்ட, லிஃப்ட் வசதியுள்ள நான்கு மாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது மூன்று நாள் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீர் ஏறவில்லை. முதியவர்கள் மாடியிலேயே சிக்கிக்கொண்டார்கள். இனி அப்படி நேரக்கூடாது என்று 10 கிலோவாட் சோலார் அமைக்கச் சங்கத்தில் பேசிவருகிறோம். ஒரு நிறுவனம் விலைப்புள்ளியும் கொடுத்துவிட்டது. மானியமும் உண்டாம். கையெழுத்துப் போடலாமா?

பதில்: பொறுங்கள். உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும், தெரு மின்சாரத்தோடு இணைந்தே இயங்கும் ‘ஆன்-கிரிட்’ அமைப்புக்கான விலைப்புள்ளியாக இருக்கும். அப்படியானால், நீங்கள் எந்த மூன்று நாளை நினைத்து இதை வாங்குகிறீர்களோ அந்த மூன்று நாளும் அது ஓடாது.

பலருக்கும் இது அதிர்ச்சியாக இருக்கும். வெயில் கொளுத்தினாலும் தெருவில் மின்சாரம் போன அடுத்த நொடி, ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். இது பழுது அல்ல, வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. மின்வாரிய ஊழியர் கம்பியைப் பிடித்து வேலை செய்துகொண்டிருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து அந்தக் கம்பிக்கு மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிர் போய்விடும். மேலும், இவ்வகை இன்வெர்ட்டர் தெரு மின்சாரத்தின் அழுத்தத்தையும் அலைவெண்ணையும் பார்த்து அதற்கு இசைந்துதான் இயங்கும். பார்க்க ஒன்றுமில்லை என்றால் அதனால் தனித்து நிற்க முடியாது. விற்பனைக்கு வருபவர்கள் இதைப் பொய் சொல்லி மறைப்பதில்லை, நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான். மின்கட்டணம் எவ்வளவு குறையும், போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது.

கட்டணத்தைக் குறைக்கும் சோலார் வேறு, பேரிடரில் கைகொடுக்கும் சோலார் வேறு. பேனல் இரண்டிலும் ஒன்றுதான், அதற்குப் பின்னால் உள்ள வயரிங்கும் இன்வெர்ட்டரும் பேட்டரியும்தான் மாறுபடும். முதலிலேயே திட்டமிட்டால் கூடுதல் செலவு தாங்கக்கூடியது. எல்லாம் முடிந்த பிறகு பிரித்து மாற்றினால் இரண்டு முறை செலவு.

பேரிடரில் கைகொடுத்த சோலாருக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவை 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி தாக்கியது. தீவு முழுவதும் இருண்டது. கடைசி வீடுகள்வரை மின்சாரம் திரும்ப ஏறக்குறைய 11 மாதம் ஆயிற்று. அந்த இருளில் அட்ஹூண்டாஸ் என்ற மலையூரில் ‘காசா பூயெப்லோ’ என்ற மக்கள் அமைப்பின் கட்டடத்தில் மட்டும் விளக்கு எரிந்தது. 1999 முதல் சோலாரில் இயங்கும் கட்டடம் அது. பேட்டரியும் இருந்தது. ஊர்க்காரர்கள் கைபேசிக்குச் சார்ஜ் போடவும் மருத்துவக் கருவிகளை இயக்கவும் அங்கே வந்தார்கள். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, ஊர் நடுவில் உள்ள கடைகளை இணைத்து 2023 மார்ச்சில் ஒரு சிறு மின்தொகுப்பையும் தொடங்கிவைத்தார்கள். மருந்துக்கடை, ரொட்டிக்கடை போன்றவை புயலுக்குப் பிறகும் திறந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். நிலைத்த வளர்ச்சி குறித்த பேச்சு இன்று உலகெங்கும் இந்தத் திசையில்தான் நகர்கிறது. ‘எவ்வளவு பசுமை மின்சாரம்’ என்பதோடு, ‘பொது மின்தொகுப்பு (கிரிட்) விழுந்த நாளில் யாருக்கு, எதற்கு மின்சாரம்’ என்றும் கேட்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்ததைப் பார்த்த நமக்கு அந்தக் கேள்வியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் கட்டடத்துக்கு வருவோம். தெருவில் மின்சாரம் இல்லாத மூன்றாவது நாளிலும் எவை ஓடியே ஆக வேண்டும் என்று சங்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். ஏ.சி.யும் வாஷிங் மெஷினும் அந்தப் பட்டியலில் வராது. லிஃப்ட்டும் வராது என்பது என் கருத்து. வெள்ள நாளில் லிஃப்ட்டின் அடிக்குழியில் தண்ணீர் நிற்கும், அப்போது அதை இயக்குவதே ஆபத்து. மிஞ்சுவன தண்ணீர், வெளிச்சம், தொடர்பு, மருந்து ஆகிய நான்கும்தான். இவற்றுக்குத் தேவைப்படும் மின்சாரம் நாம் பயப்படுவதைவிட மிகக் குறைவு.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். 24 வீட்டில் 90 பேர் என்று வைப்போம். நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான திட்ட அளவு. நெருக்கடியில் 50 லிட்டரில் சமாளிக்கலாம். மொத்தம் சுமார் 5,000 லிட்டர். சம்ப்பிலிருந்து மொட்டை மாடித் தொட்டிக்கு, குழாய் இழப்பையும் சேர்த்து 25 மீட்டர் ஏற்றுவதாகக் கணக்கிட்டால், அதற்கு வேண்டிய ஆற்றல் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குதான். நம் மோட்டார்களின் குறைந்த செயல்திறனைக் கணக்கில் எடுத்தாலும் ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். 90 பேருக்கு ஒரு நாள் தண்ணீருக்கு ஒரே ஒரு யூனிட்! மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் தவித்ததற்கு மின்சாரத்தின் அளவு காரணமல்ல, அந்த ஒரு யூனிட்டை மோட்டாருக்குக் கொண்டுசேர்க்க வழி இல்லாததுதான் காரணம்.

படிக்கட்டிலும் நடைபாதையிலும் பன்னிரண்டு 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் ஓரிரவு முழுவதும் எரிந்தால் ஒன்றேகால் யூனிட். அறுபது கைபேசிகளுக்கு முழுச் சார்ஜ் என்றால் ஒன்றரை யூனிட். இன்சுலின் போன்ற மருந்துகளுக்காகப் பொதுவில் ஒரு சிறு ஃபிரிட்ஜ் வைத்தால் நாளுக்குச் சுமார் ஒரு யூனிட். எல்லாம் சேர்ந்து ஐந்து யூனிட்டைத் தாண்டவில்லை. வீட்டில் ஆக்ஸிஜன் செறிவூட்டியை நம்பி யாராவது இருந்தால் மட்டும் கணக்கு மாறும். ஐந்து லிட்டர் கருவி 350 வாட் வரை இழுக்கும், நாள் முழுவதும் ஓடினால் எட்டு யூனிட்டுக்கு மேல் ஆகும். அப்படிப்பட்டவர் இருக்கிறாரா என்பதை விலைப்புள்ளி வாங்கும் முன்பே வீடு வீடாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். உங்கள் 10 கிலோவாட்டுக்கு 40 யூனிட். புயல் மேகம் மூடிய நாளில் இது ஐந்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழேயோ இறங்கும். எனவே நான்கு முதல் எட்டு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போட்ட ஐந்து யூனிட் பட்டியலுக்கு இது ஏறக்குறையப் போதும். நடுவில் 10 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி ஒன்று இருந்தால் இரவும் கழியும், மோசமான பகலும் கழியும். கட்டடம் முழுவதற்குமாக 40, 50 யூனிட் பேட்டரி என்று யாராவது விலை சொன்னால் பயந்து திட்டத்தையே கைவிட்டுவிடாதீர்கள். உங்களுக்கு அது தேவையில்லை.

பேட்டரியில் லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் வகையைத்தான் நான் பரிந்துரைப்பேன். அதன் கொள்ளளவில் எண்பது, தொண்ணூறு சதவீதம்வரை பயன்படுத்தலாம். லெட்-ஆசிட்டில் பாதியைத் தாண்டினால் ஆயுள் குறையும். பத்து ஆண்டுக் கணக்கில் பார்த்தால் முதலாவதே லாபம்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியது இதுதான்: ஆன்-கிரிட்டுக்குப் பதில், தெரு மின்சாரத்தோடும் பேட்டரியோடும் இயங்கும் ‘ஹைப்ரிட்’ இன்வெர்ட்டர், அதன் அவசர வெளியீட்டிலிருந்து தனியாக ஒரு மின்பலகை. சம்ப் மோட்டார், படிக்கட்டு விளக்குகள், தரைக்கு மேல் உள்ள ஏதாவது ஒரு பொது அறையில் சார்ஜ் பிளக்குகள், ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் வயர்கள் மட்டும் அந்தப் பலகைக்கு வர வேண்டும். மின்சாரம் போனதும் இன்வெர்ட்டர் தெருத் தொடர்பைத் துண்டித்துக்கொண்டு இந்தப் பலகைக்கு மட்டும் தரும். லைன்மேனுக்கும் ஆபத்தில்லை.

மோட்டாரில் ஒரு கண்ணி உண்டு. ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது கொஞ்சம்தான் இழுக்கும். ஆனால், தொடங்கும் கணத்தில் அதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்காமல் இன்வெர்ட்டர் நின்றுவிட்டால் எல்லாம் வீண். மூன்று ஃபேஸ் மோட்டார் என்றால், அதை மெதுவாக வேகமெடுக்க வைக்கும் வி.எஃப்.டி. கருவியைச் சேர்த்தால் தீர்ந்தது. உங்கள் மோட்டார் ஒரு ஃபேஸா மூன்று ஃபேஸா, எத்தனை குதிரைத்திறன் என்று பெயர்த்தகட்டைப் படமெடுத்து அனுப்பி, ‘இந்த மோட்டாரைப் பேட்டரியில் தொடங்கிக் காட்ட வேண்டும்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டரும் பேட்டரியும் எங்கே இருக்கும் என்பதை வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். கீழே வண்டி நிறுத்தும் தளத்தில் வைப்பதுதான் எளிது என்பார்கள். வேளச்சேரியில் அதற்குச் சம்மதிக்கவே கூடாது. மாடியில் நிழலும் காற்றோட்டமும் உள்ள, படிக்கட்டு வழியை அடைக்காத இடம் வேண்டும். இதைவிட அவசரமான ஒன்றும் இருக்கிறது. உங்கள் மீட்டர் பலகை தரைத்தளத்தில் எந்த உயரத்தில் இருக்கிறது? அது மூழ்கினால் தெருவில் மின்சாரம் வந்த பிறகும் உங்களுக்கு வராது, காய்ந்து பரிசோதித்த பின்தான் இணைக்க முடியும். 2015 வெள்ளமும் 2023 வெள்ளமும் சுவரில் எட்டிய உயரத்தைப் பழைய குடியிருப்பாளர்களிடம் கேட்டு, அதற்கு இரண்டடி மேலே பலகையை உயர்த்த மின்வாரியத்தில் விண்ணப்பியுங்கள். சம்ப் மூடியின் விளிம்பையும் அப்படியே உயர்த்திக் கட்டுங்கள். வெள்ளநீர் கலந்த சம்ப்பை மாடிக்கு ஏற்றினால் நோயையும் சேர்த்து ஏற்றுவீர்கள். சோலாருக்குப் பணம் கூடாவிட்டாலும் இந்த இரண்டையும் இந்த ஆண்டே செய்துவிடுங்கள்.

பேனல் தாங்கிகள் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை சென்னைக்கு நிர்ணயித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கீழே துணி காயப்போட வசதியாக எட்டடி உயரத்தில் பேனல் போடும் வழக்கம் இங்கே பரவிவிட்டது. உயரம் கூடக்கூடக் காற்று பிடுங்கும் விசையும் கூடும். உயரமாகத்தான் வேண்டுமென்றால், அந்த வேகத்துக்குக் கணக்கிட்ட கட்டமைப்புப் பொறியாளரின் சான்றைக் கேளுங்கள். பறக்கும் பேனல் அடுத்த வீட்டுக்காரரின் தலையில் விழக்கூடியது.

மானியத்தைப் பற்றிச் சுருக்கமாக: 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில், குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டு இணைப்புக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு. வீட்டுக்கு மூன்று கிலோவாட் என்ற கணக்கில் 500 கிலோவாட் வரை இது பொருந்தும். உங்கள் 10 கிலோவாட்டுக்கு 1,80,000 ரூபாய். பேனல்கள் உள்நாட்டில் தயாரானவையாக இருக்க வேண்டும். பேட்டரிக்கெனத் தனி மானியம் இல்லை. திட்டம் 2026–27 நிதியாண்டு வரைக்குமானது. மொட்டை மாடி எல்லோருக்கும் பொதுவான சொத்து என்பதால் பொதுக்குழுத் தீர்மானம் இல்லாமல் தொடங்காதீர்கள். கடந்த ஓராண்டுப் பொது இணைப்புக் கட்டண அட்டையையும் எடுத்துப் பாருங்கள். பொது இணைப்புக்கு வீடுகளுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட் கிடையாது என்பதால் சோலாரின் பயன் அங்கே முதல் யூனிட்டிலிருந்தே தெரியும். ஆனால், இரண்டு மாதப் பயன்பாடு 1,500 யூனிட்டுக்குள் என்றால் 10 கிலோவாட் அதிகம். ஆறோ ஏழோ போதும், மிச்சப் பணத்தைப் பேட்டரிக்குத் திருப்பலாம்.

கடைசியாக, ஆட்கள். எந்த வீட்டில் தனியாக வாழும் முதியவர் இருக்கிறார், யாருக்கு எந்த மருந்து குளிரில் இருக்க வேண்டும், அவசரப் பலகையை இயக்கத் தெரிந்த மூன்று பேர் யார் என்று ஒரு தாளில் எழுதி பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். மூவரும் வெவ்வேறு வீட்டிலிருந்து, அதில் ஒருவராவது பகலிலும் வீட்டில் இருப்பவராக இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன், செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பொது இணைப்பின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மறுநாள் காலைவரை அவசரப் பலகையில் மட்டுமே ஓட்டிப் பாருங்கள். மோட்டார் தொடங்குகிறதா, விடியும்போது பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கான கடைசித் தவணையை அந்தச் சோதனை முடிந்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.