மகனுக்கு இளைப்பாற்றித் திருப்பலி வைக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூரை அடுத்த ஒரு கடற்கரை ஊரில் வாழ்கிறேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போயிருந்த என் மகன் திரும்பவில்லை; உடலும் கிடைக்கவில்லை. லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் கரையொதுங்கிய படகுகளில் பலர் உயிரோடு வந்ததால், அவனும் எங்கேயோ நினைவு தப்பிக் கிடப்பான் என்றே இன்றும் நம்புகிறேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் கை நடுங்குகிறது. இறப்புச் சான்றிதழும் நிவாரணமும் வாங்கிய மருமகளோடு நான் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. வருகிற கல்லறைத் திருநாளில் இறந்தோரின் ஆன்மா இளைப்பாற வேண்டி நடத்தும் இளைப்பாற்றித் திருப்பலியை அவனுக்கு வைக்கலாம் என்கிறாள். சம்மதித்தால், உயிரோடிருக்கும் பிள்ளையை நானே புதைத்ததாகாதா?

அன்புள்ள அம்மா,

உங்களுக்கு வந்திருப்பது மனநோய் அன்று. போரில் காணாமற்போன அமெரிக்கப் படைவீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த குடும்பநல அறிஞர் பாலின் பாஸ், இதனைத் தெளிவற்ற இழப்பு என்றார். அடக்கம் செய்த வீட்டில் துக்கத்திற்கு ஒரு தொடக்கம் உண்டு. உங்கள் வீட்டில் அது தொடங்கவேயில்லை. 'இருக்கிறான்', 'இல்லை' என்னும் இரண்டில் ஒன்றைச் சொல்லும்படி இத்தகைய தாயை யாரும் நெருக்கக் கூடாது. நீங்களும் உங்களை நெருக்க வேண்டாம்.

சான்றிதழைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏழாண்டுகள் தகவல் இல்லாதிருந்தால்தான் ஒருவர் இறந்தவராகக் கருதப்படுவார் என்பது பொதுச் சட்டம். ஒக்கிக் குடும்பங்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்றே அந்த விதி தளர்த்தப்பட்டது. ஆகவே அந்தத் தாள் உங்கள் மகன் இறந்ததைக் கண்ட சாட்சியம் அன்று, அடுப்பெரிய வழிசெய்த ஏற்பாடு. அதை வாங்கியதால் உங்கள் மருமகள் கணவரைக் கைவிட்டவர் ஆகமாட்டார். அவரும் காத்திருப்பவரே, உங்களைப் போல் வாய்விட்டுச் சொல்ல அவருக்கு இடமில்லாமல் போயிருக்கலாம்.

அதே 2017இல் இலங்கையின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் சாலையோரப் பந்தல்களில் ஒன்றாக அமர்ந்தார்கள். கேள்வி கேட்க அவர்களுக்கு ஓர் அரசு இருந்தது, கடலிடம் யார் கேட்பது? ஆனாலும் சேர்ந்து அமர்வதில் கிடைக்கும் ஆறுதல் உங்களுக்கும் கிடைக்கும். உங்கள் ஊரிலேயே அத்தகைய அன்னையர் இருக்கிறார்கள். உறக்கம் கெட்டு உணவும் இறங்காத நாள்களில் 14416 என்னும் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

திருப்பலி ஒரு மன்றாட்டு, தீர்ப்பு அன்று. மகனைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுக் கதவைத் திறந்தே வைத்திருக்கலாம். இந்த ஆண்டே வைக்க வேண்டும் என்பதில்லை. மருமகளோடு பேசுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.