மகன் பறக்கப் போகிறான்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் இருக்கும் என் மகன் சிறிய விமானம் ஓட்ட லைசென்ஸ் எடுத்துவிட்டான். இப்போது ஒரு ஃபிளையிங் கிளப்பில் சேரப் போகிறானாம். தேவையான நேரம் வாடகைக்கு எடுத்து ஓட்டினால் போதாதா? மாதாமாதம் சந்தா எதற்கு? கூடிக் குடிக்கிற இடமோ என்றும் பயமாக இருக்கிறது.

ஒரு தாய், கோப்பாய்

அன்புள்ள அம்மா,

முதலில் காசுக் கதை. செஸ்னா 172 என்கிற சிறிய விமானம் சும்மா நின்றாலும் காசு தின்னும். கொட்டகை வாடகை, காப்புறுதி, வருடாந்தப் பரிசோதனை எல்லாம் பறக்காவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். பத்துப் பேர் பங்கு போட்டால் சம்பளக்காரருக்கும் கட்டுப்படியாகும். சந்தா அதற்குத்தான்.

நான் விமானி அல்ல. அங்கே போயிருந்தபோது மருமகன் தன் கிளப்புக்குக் கூட்டிப்போனான். இறக்கைக்குக் கீழே குனிந்து, சின்னக் குழாய் ஒன்றில் கொஞ்சம் எரிபொருள் வடித்து வெளிச்சத்தில் பிடித்தான். நீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தெரியுமாம். பக்கத்தில் நின்ற வயதானவர் ஒருவர், யாரும் கேட்காமலே, "மற்ற இறக்கையிலும் பார்த்தாயா?" என்றார். இவன் அசடு வழிந்தான். அப்புறம் அவரே மேற்கே கறுத்து வந்த மேகத்தைக் காட்டி, இன்றைக்கு வேண்டாம் என்றார். தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் அவர் இல்லாவிட்டால், மாமா இவ்வளவு தூரம் வந்துவிட்டாரே என்று என் முகத்துக்காகவே இவன் ஏறியிருப்பான்.

பட்டம் ஏற்றுகிற ஊர்க்காரருக்கு இது விளங்கும். 2021 மார்கழியில் பருத்தித்துறைப் பக்கம் பட்டக் கயிற்றோடு ஒருவர் மேலே போனாரே, அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் கயிற்றை விட்டார்கள், இவர் விடவில்லை. நல்ல காலம், தப்பினார். கிளப்பில் இந்த மாதிரிக் கதைகளை, தாங்கள் விட்ட பிழை உட்பட, வெட்கப்படாமல் கதைக்கிறார்கள். வாடகைக்கு எடுத்துத் தனியே ஓட்டுகிறவனிடம் அதை யார் கதைப்பது?

இன்னொன்று. அங்கே ஆட்களை ஏற்றிப் பறக்க, முந்திய 90 நாளுக்குள் 3 தரம் தானே விமானத்தை மேலே ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். வேலை, மழை, சோம்பல் என்று மூன்று மாதம் ஓடிவிடும். கிளப்பில் இருந்தால் சனிக்கிழமை காலையில் யாராவது போன் பண்ணி இழுப்பார்கள்.

குடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் கண்டது தேத்தண்ணீரும் நமத்துப்போன பிஸ்கட்டும்தான்.

சேர முன் மகனை ஒன்று விசாரிக்கச் சொல்லுங்கள்: எத்தனை பேருக்கு ஒரு விமானம், சனி ஞாயிறில் எத்தனை கிழமைக்கு முன் பதிய வேண்டும்? மருமகனுக்கு அங்கேதான் இடித்தது. போன கோடையில் பாதி நாள் அவன் கொட்டகை கூட்டிக்கொண்டு நின்றான்.