மேடை போன பிறகு வந்த விசுவாசம்

அன்புள்ள ஐயா,

இருபது வருடம் மேடைகளில் பாடியவன். தைராய்டு புற்றுநோய்க்குச் செய்த ஆபரேஷனில் நரம்பு பாதிக்கப்பட்டுக் குரல் கம்மிவிட்டது. கச்சேரிகள் நின்றன, அழைப்புகளும் நின்றன. சிறுவயதில் ஞானஸ்நானம் பெற்றதோடு சரி, கோயில் பக்கமே போகாதவன் இப்போது தினமும் திருப்பலிக்குப் போகிறேன். மனசு லேசாகிறது. ஆனால் "மார்க்கெட் போனதும் சாமி ஞாபகம் வந்துவிட்டது" என்று பழைய சகாக்கள் பேசுகிறார்கள். அது உண்மைதானோ என்று எனக்கே சந்தேகம். அடுத்த மாதம் மறுபடியும் ஆபரேஷன். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனமான நோயில்பூசுதலைப் பெறச் சொல்கிறார் பங்குத்தந்தை. அது சாகக் கிடப்பவர்களுக்குத்தானே? என் குரல் திரும்புமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சகாக்கள் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். அதனால் என்ன? சேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியாரும் அப்படித்தான் வந்தார். 1521இல் ஸ்பெயினின் பாம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. எலும்பு கோணலாகச் சேர்ந்து, முழங்காலுக்குக் கீழே துருத்திக்கொண்டு நின்றது. அந்தக் கால மோஸ்தரில் பூட்ஸ் போட முடியாதே என்று, மயக்க மருந்து இல்லாத காலத்தில், அதை அறுத்தெடுக்கச் சொன்னார். புகழ் ஆசை அவரை அந்த அளவுக்குப் பிடித்திருந்தது. படுக்கையில் பொழுதுபோக வீரசாகசக் கதைகள் கேட்டார், வீட்டில் இல்லை. கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் கதைகளும். வேறு வழியில்லாமல்தான் படித்தார். படிக்கப் படிக்க ஒன்று பிடிபட்டது: புகழைக் கனவு காணும்போது இனிக்கிறது, கலைந்ததும் மனம் வறண்டுபோகிறது, புனிதர்களைப் போல வாழ நினைத்தால் வரும் மகிழ்ச்சியோ பிறகும் தங்குகிறது. பின்னாளில் அவர் கற்பித்த ஆன்மிகப் பயிற்சிக்கு வேர் அதுதான். உங்களுக்கும் இந்தச் சோதனை போதும். திருப்பலி முடிந்து வெகுநேரம் கழித்தும் மனம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சகாக்களிடம் விடை கேட்க வேண்டாம்.

பூசுதல் விஷயத்தில் பங்குத்தந்தை சொல்வதே சரி. அது மரணத் தறுவாயில் இருப்போருக்கு மட்டுமல்ல என்று, 1962–65இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொன்னது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கையும் திருத்தினார். கடும் நோய்க்காக ஆபரேஷனுக்குப் போகிறவர் தாராளமாகப் பெறலாம். முதலில் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள், அதாவது குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுங்கள். இத்தனை வருடம் விலகியிருந்தவருக்கு அதுவே பெரிய மருந்து என்பது என் எண்ணம். பிறகு குருவானவர் தலைமேல் கைவைத்து மௌனமாகச் செபிப்பார். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுவார். பயப்பட ஒன்றுமில்லை.

குரல் திரும்புமா? அந்த வாக்கை யாரும் தர முடியாது; தருகிறவர்களை நம்பாதீர்கள். 1858 முதல் பிரான்சின் மாதா திருத்தலமான லூர்தில் குணமானதாகச் சொன்னவர்கள் ஆயிரக்கணக்கானோர். திருச்சபை புதுமையென, அதாவது அற்புதமென, ஏற்றவை எழுபதுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இஞ்ஞாசியாரும் கடைசிவரை விந்தித்தான் நடந்தார். பூசுதலில் நீங்கள் நம்பிக் கேட்க வேண்டியது மனத்திடத்தையும், உங்கள் வேதனையைக் கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்க்கும் அருளையும். குணம் தருவது அவர் சித்தம். குரல் பயிற்சியையும் மருந்தையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். கம்மிய குரலிலேயே திருப்பலியில் முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலின் பல்லவியைச் சபையோடு சேர்ந்து பாடுங்கள்.

ஆபரேஷன் தேதி தெரிந்ததும் எழுதுங்கள். அன்று உங்களுக்காகச் செபமாலை சொல்வேன்.