புத்தகம் போட பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

வணக்கம் சார். மகள் பி.காம். கடைசி வருடம் படிக்கிறாள், சிறுகதைகள் எழுதி வைத்திருக்கிறாள், பணம் கட்டினால் ஒரே மாதத்தில் புத்தகமாக்கித் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது, கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். கதையைப் படிக்காமலேயே 'அருமை' என்று சொல்லிவிட்டு வங்கிக் கணக்கு எண்ணை அனுப்புகிறவர்களிடம் அவசரப்பட ஒன்றுமில்லை.

பதிப்பகம் என்றால் தன் பணத்தைப் போட்டு அச்சடித்து, விற்று, எழுதியவருக்கு ராயல்டி தர வேண்டும். தமிழில் அது பெரும்பாலும் அட்டை விலையில் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். 200 ரூபாய் புத்தகம் 300 பிரதி விற்றால் உங்கள் மகள் கைக்கு வருவது 6,000 ரூபாய். முதல் தொகுப்பு 300 விற்றாலே நல்ல விற்பனை என்பேன். அந்தத் தொகையும் உடனே வராது. அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணையை நம்பி ஓடும் பதிப்பகங்கள் பல. அந்தப் பணம் தாமதமானால் ராயல்டியும் தாமதமாகும். இந்தக் கணக்கை மகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். எழுத்தையும் சம்பளத்தையும் அவளே தனித்தனியாக வைத்துக்கொள்வாள்.

அந்த நிறுவனத்தின் பட்டியலில் ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண்ணுக்கும் காப்புரிமைக்கும் (காப்பிரைட்) கட்டணம் போட்டிருக்கிறார்களா பாருங்கள். ஐ.எஸ்.பி.என். நம் நாட்டில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள தேசிய முகமை தருகிறது, எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். காப்புரிமையோ கதையை எழுதிய உடனே அவளுடையதாகிவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. அவள் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு இன்னும் 60 வருடம் அது நிற்கும். மிச்சம் இருப்பது அச்சுக்கூலி. இன்றைக்கு ஐம்பது, நூறு பிரதிகூட அடித்து வாங்கலாம், அது பெரிய விஷயமே இல்லை. விற்பதுதான் கஷ்டம், அதைப் பற்றித்தான் இந்த மாதிரி விளம்பரங்களில் பேச்சே இருக்காது.

ஒப்பந்தத்தை மட்டும் வரி வரியாகப் படியுங்கள். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும். எந்த உரிமை, எத்தனை வருடம், எந்த எல்லை, என்ன ராயல்டி என்பதெல்லாம் அதில் வர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'அனைத்து உரிமைகளும்' என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மொழிபெயர்ப்பு, ஆடியோ, மின்னூல், சினிமா எல்லாம் அந்த இரண்டு வார்த்தைக்குள் போய்விடும். கோடம்பாக்கம் இருக்கிற ஊரில் சினிமா உரிமையை ஓசியில் கொடுக்கலாமா?

சரி, அவள் இப்போது என்ன செய்யலாம்? கதைகளை ஒவ்வொன்றாகப் பத்திரிகைகளுக்கு அனுப்பட்டும். கணையாழி, காலச்சுவடு, ஆனந்த விகடன் என்று ஒவ்வொன்றின் ருசியும் வேறு. நாலைந்து இதழாவது படித்துவிட்டு எதற்கு எது என்று முடிவு செய்யட்டும். யூனிகோடில் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, ஒரு நேரத்தில் ஒரு இதழுக்கு மட்டும் அனுப்ப வேண்டும். பதில் வர மாதங்கள் ஆகும், வராமலும் போகும். இதழ்களில் நாலு கதை வந்த பிறகு பதிப்பகத்துக்கு எழுதினால், அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்க ஒரு காரணம் இருக்கும்.

ஜனவரியில் சென்னை நந்தனத்தில் பதிப்பாளர், விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்தும் புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டிப் போங்கள், ஆனால் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் போக வேண்டாம். பதிப்பாளர்களுக்கு அது அறுவடைக் காலம். டிசம்பர் முழுக்க அச்சகத்தில் தூக்கமில்லாமல் இருந்துவிட்டு வந்து நிற்பார்கள். புது எழுத்தாளர்களின் சிறுகதைகளை யார் போடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வரட்டும். பிப்ரவரிக்கு அப்புறம் எழுதலாம்.

இனி, சம்பளம் தரும் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். பி.காம். முடித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலைக்கு முயலலாம். மொழிபெயர்ப்பு, விளம்பர வாசகம், சப்டைட்டில் என்று வேறு வழிகளும் உண்டு. தமிழில் ஒழுங்காகப் பிழை திருத்தத் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. அதைக் கற்றுக்கொண்டால் பதிப்பகத்துக்குள் எது எப்படி நடக்கிறது என்பதும் புரியும். வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். சாகித்ய அகாதமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்கார் விருதே 35 வயது வரை உள்ளவர்களுக்கானது.

அந்த நிறுவனத்துக்கு மட்டும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: புத்தகத்தை எந்தக் கடைகளில் வைப்பீர்கள், விற்பனைக் கணக்கை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை தருவீர்கள் என்று. பதில் வந்தால் ஒப்பந்த நகலோடு எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.