சொன்னால்தான் செய்கிறான்: எட்டு வயதுப் பையனுக்குப் பொறுப்பை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

எட்டு வயது மகன் எதையும் பத்து முறை சொன்னால்தான் செய்கிறான், அவனுக்குப் பொறுப்பு வர என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே குறையை என் மகளைப் பற்றி நானும் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிழை பெரும்பாலும் என் பக்கம் இருந்தது என்பது அவளுடைய ஒன்பதாம் வயதில்தான் எனக்கு உறைத்தது.

பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில், கணக்கு நோட்டை எடுத்தாயா, தண்ணீர் பாட்டிலை வைத்தாயா என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். அவளும் சலிப்போடு எடுத்து வைப்பாள். பார்ப்பவர்களுக்கு அவள் தன் பையைத் தானே அடுக்குவதாகத் தோன்றும். உண்மையில் அவள் செய்தது கைவேலை மட்டுமே. எந்த நாளுக்கு எது வேண்டும் என்று நினைவில் வைத்திருந்தவளும், ஏதாவது விட்டுப்போனால் பதறியவளும் நான். நினைவில் வைப்பதும் கவலைப்படுவதும் நம்மிடம் இருக்கும்வரை அந்தப் பொறுப்பு நம்முடையதுதான். குழந்தை அதில் வெறும் எடுபிடி.

ஆகவே ஒரு நாள் மாலை, இனி பை முழுக்க உன்னுடையது, நான் கேட்கவே மாட்டேன் என்று சொல்லி, பாட அட்டவணையை அவள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டிவைத்தேன். வகுப்பு ஆசிரியரிடமும் முன்கூட்டியே தெரிவித்தேன். இதைச் செய்யாமல் விட்டால் பள்ளியிலிருந்து வரும் முதல் குறிப்பிலேயே நம் உறுதி தளர்ந்துவிடும். இரண்டாம் வாரம் கணக்கு நோட்டு மேசையிலேயே கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாலையில் அவளே நடந்ததைச் சொன்னபோது, "அதற்குத்தான் அப்போதே சொன்னேன்" என்ற வாக்கியத்தை விழுங்குவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அடுத்த முறை என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் கேட்டேன். இரவே அடுக்கிக் கதவருகில் வைத்துவிடுகிறேன் என்றாள். அதன் பிறகும் சில முறை மறந்தாள். ஆனால் தேடியதும் வருந்தியதும் அவளே.

பொறுப்பை வெளியிலிருந்து புகுத்த வேண்டும் என்று நாம் நினைப்பதும் முழுச் சரியல்ல. வார்னெக்கென், டொமசெல்லோ என்னும் உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் ஒருவர் கீழே தவறவிட்ட பொருளை எட்டி எடுக்க முடியாமல் தவிப்பதைக் கண்ட 18 மாதக் குழந்தைகள், யாரும் கேட்காமலும் பாராட்டாமலும் அதை எடுத்துக் கொடுத்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், உதவியதற்குப் பரிசு பெற்ற 20 மாதக் குழந்தைகள் பிற்பாடு குறைவாகவே உதவின. துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வரும் இரண்டு வயதுக் குழந்தையை, வேலை கெடும் என்று விரட்டிவிட்டு, எட்டு வயதில் அதே குழந்தையிடம் ஆர்வத்தை எதிர்பார்க்கிறோம். நட்சத்திர ஒட்டிகளைப் பரிசாக்கி நானும் ஒரு மாதம் முயன்றேன். ஒட்டி தீர்ந்த அன்றே வேலையும் நின்றது.

மருந்து, நெருப்பு, சாலை போன்றவற்றில் இந்த முறை அறவே கூடாது. திட்டமிடுவதற்கும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதற்கும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருப்பதால், எட்டு வயதில் மறதி இருப்பது இயல்பே. கவனக்குறைபாடு உள்ள குழந்தையாக இருந்தால் விளைவை அனுபவிக்கட்டும் என்று விடுவது கொடுமை. அவர்களுக்குப் படப் பட்டியலும் பக்கத்துணையும் வேண்டும்.

உங்கள் மகனுக்கு ஒரே ஒரு காரியத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒப்படையுங்கள். மறந்தால் அதன் இழப்பு சிறியதாகவும் அவனையே சேர்வதாகவும் இருக்க வேண்டும். பை பழகிய தெம்பில் நான் மகளிடம் மீன்தொட்டியையும் கொடுத்துப் பார்த்தேன். அவள் மறந்த நாளில் பட்டினி கிடந்தவை மீன்கள் என்பதால், அதை மறுவாரமே திரும்ப வாங்கிக்கொண்டேன்.