குருக்கள் ஆயரிடம் கணக்குக் கேட்கலாமா?

கேள்வி: கேரளத்தின் எறணாகுளம் – அங்கமாலி உயர்மறைமாவட்டத்தில், காணி விற்ற விவகாரத்துக்காகக் குருக்களே தங்கள் கர்தினாலுக்கு எதிராகப் போராடியதாக வாசித்தேன். கீழ்ப்படிவதாக வாக்களித்தவர்கள் இப்படிச் செய்யலாமா? எங்கள் பங்கில் கணக்கைப் பற்றி வாயெடுத்தாலே, ‘சுவாமியிடம் கணக்குக் கேட்பதா?’ என்று பெரியவர்கள் அடக்கிவிடுகிறார்கள்.
– வாசகி ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: கேட்கலாம் என்பதே என் கருத்து. மருத்துவக் கல்லூரிக்கென நிலம் வாங்கியதால் ஏறிய வங்கிக் கடனை அடைக்க, கொச்சி நகரில் இருந்த சுமார் 3 ஏக்கர் காணியை அந்த உயர்மறைமாவட்டம் விற்றது. 27 கோடி இந்திய ரூபாய் வரவேண்டிய இடத்தில் ஏறத்தாழ 9 கோடியே கைக்கு வந்தது என்பதும், கலந்தாலோசிக்க வேண்டிய சபைகளை ஒதுக்கிவிட்டே விற்பனை நடந்தது என்பதும் குருக்களின் முறைப்பாடு. இரண்டாவதுதான் பாரதூரமானது என்பேன். சந்தையில் ஏமாறுவது எவருக்கும் நேரக்கூடியது, ஆனால் தடுத்துச் சொல்லக்கூடியவர்களைக் கேளாமல் விற்பது தலைமையே தெரிந்து எடுக்கும் முடிவு.

2018 ஜூனில் வத்திக்கான், அந்த உயர்மறைமாவட்டத்தின் நிர்வாகத்தைப் பாலக்காட்டு ஆயர் ஜேக்கப் மனத்தோடத்திடம் ஒப்படைத்தது. மறு ஆண்டு அதிகாரம் மீண்டும் கர்தினால் ஜோர்ஜ் ஆலஞ்சேரியிடம் திரும்பி, துணை ஆயர்கள் இருவரும் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டபோதுதான் குருக்கள் பேராயர் இல்லத்திலேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். இடமாற்றமும் சீவனமும் ஆயரின் கையில் இருக்க, அவருடைய வீட்டு முற்றத்திலேயே ஒரு குரு பட்டினி கிடக்கிறார் என்றால், உள்ளே பேசிப் பயனில்லை என்று அவர் முடிவுகட்டிவிட்டார் என்றுதான் கொள்ள வேண்டும். அதற்காகப் போராட்டமே குற்றத்துக்குச் சான்றாகிவிடாது; சான்று கணக்காய்விலிருந்துதான் வரவேண்டும். திருப்பலியில் குரு எத்திசை நோக்கி நிற்பது என்ற வழிபாட்டுப் பிணக்கும் பின்னர் இதனோடு பிணைந்துகொண்டதால், காணிக் கணக்கு பேச்சில் பின்தள்ளப்பட்டது வருத்தத்துக்குரியது.

எறணாகுளம் – அங்கமாலி உயர்மறைமாவட்டம் சேர்ந்துள்ள சீரோ மலபார் சபைக்குக் கீழைத் திருச்சபைகளின் சட்டத்தொகுப்பு உரியது; கொழும்பு உயர்மறைமாவட்டத்துக்கு 1983ஆம் ஆண்டின் இலத்தீன் சட்டத்தொகுப்பு. இதன் 273ஆம் பிரிவு குருக்களைத் தம் ஆயருக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. அதே தொகுப்பின் 492ஆம் பிரிவோ, ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் பொருளாதாரத்திலும் நாட்டுச் சட்டத்திலும் தேர்ந்த மூவரேனும் அடங்கிய நிதிக்குழு இருக்க வேண்டும் என்றும், ஆயருக்கு நான்காம் படிவரை உறவானவர்கள் அதில் இடம்பெறலாகாது என்றும் விதிக்கிறது. உறவுமுறையை எண்ணி விலக்கும் அளவுக்குச் சட்டத்துக்கே ஐயம் இருந்திருக்கிறது; நாம் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்? ஆகவே கீழ்ப்படிவதாகச் சொன்ன வாக்கு, கணக்குக் கேட்பதற்குத் தடையாகாது.

உங்கள் பங்குக்கும் 537ஆம் பிரிவின்படி நிதிக்குழு கட்டாயம். விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு அவர்களுக்கே கணக்குக் காட்ட வேண்டும் என்பது 1287ஆம் பிரிவு. எவ்விதம், எப்போது என்பதை அந்தந்த மறைமாவட்ட விதிகள் முடிவுசெய்யும். குழுவில் இருப்போர் யாவர், கடைசியாகக் கணக்கு வாசிக்கப்பட்டது எப்போது என்பவற்றைப் பங்குத்தந்தையிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அக்கடிதத்தின் பிரதியைப் பேராயர் இல்லத்துக்கு அனுப்புங்கள். 212ஆம் பிரிவு அந்த உரிமையை உங்களுக்குத் தருகிறது, மரியாதையோடு எழுத வேண்டும் என்ற நிபந்தனையுடன்.